‘அவங்களக் கேட்டாங்களா?’

2015 மே மாதம் எங்கள் பள்ளித் தோழர்களின் வாட்சாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. கனடாவின் மேற்குக் கரையில் ஏதோ ஒரு பூர்வகுடிக் கிராமம், ஓர் எரிவாயு ஆலைக்குச் சம்மதிக்க மலேசிய அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் தர முன்வந்த 115 கோடி கனடிய டாலரை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். 40 ஆண்டுகளில் பிரித்துத் தரப்படும் பணம். அந்த மக்கள் மொத்தமே ஏறக்குறைய 3,600 பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. அன்றைய மாற்றுக் கணக்கில் ஒன்பது லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். “மீனுக்காகவாம்டா!” என்று ஒருவன் எழுதினான். “நம்ம பக்கம் வரச் சொல்லு, நான் கையெழுத்துப் போடுறேன்” என்றான் இன்னொருவன். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் இரண்டைப் போட்டுவிட்டு நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அப்போது நான் வான்கூவருக்குக் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கிராமம் இருக்கும் மாகாணத்திலேயே வாழ்ந்தவன் அந்தக் குழுவில் நான் ஒருவன்தான். ஆனாலும் மலேசியாவின் கிள்ளானில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிந்ததைவிட அதிகமாக எனக்கும் எதுவும் தெரியாது. மீன் கடையில் சாக்கை என்ற வகைச் சால்மனின் விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்து போகிறவன். அந்த மீன் எந்த ஆற்றிலிருந்து வருகிறது என்று கேட்டதில்லை. பெட்ரோனாஸ் என்ற பெயரைக் கேட்டதும் எனக்குள் எழுந்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன்: பெருமை. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரமும், ஊருக்குப் போகும் வழியில் நிற்கும் பச்சை நிற எண்ணெய் நிலையமும், தீபாவளி வந்தால் தொலைக்காட்சியில் வரும் விளம்பரமுமாக நினைவில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ‘நம்ம கம்பெனி’ இவ்வளவு தூரம் வந்து கோடிகளை நீட்டுகிறது, இவர்கள் வேண்டாம் என்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

அந்த இரண்டு மஞ்சள் முகங்களை நான் திரும்பிப் பார்க்க வைத்தது செய்தித்தாள் இல்லை, அம்மாவின் ஒரு கேள்வி. அதற்கு வருமுன் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல்தான் நான் சிரித்தேன்.

மேகத்திலிருந்து இறங்கும் ஆறு

ஸ்கீனா ஆறு வடக்கு மலைகளில் பிறந்து, சுமார் 570 கிலோமீட்டர் ஓடி, பிரின்ஸ் ரூபர்ட் நகருக்குத் தெற்கே பசிபிக்கில் கலக்கிறது. பிறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நாஸ், ஸ்டிக்கீன் என்ற வேறு இரண்டு சால்மன் ஆறுகளும் பிறக்கின்றன. மேகங்களிலிருந்து வரும் நீர் என்பதுதான் ஸ்கீனாவின் பெயருக்குப் பொருள் என்கிறார்கள். ஆற்று முகத்தில் வாழும் மக்களுக்கு சிம்ஷியன் என்று பெயர். ஸ்கீனாவுக்குள் இருப்பவர்கள் என்று பொருள். ஆறு அவர்களுடைய ஊரில் ஓடவில்லை, அவர்கள்தான் ஆற்றுக்குள் இருக்கிறார்கள். கனடாவில் ஃப்ரேசருக்கு அடுத்தபடியாக அதிக சால்மன் திரும்பி வரும் ஆறு இது. மேலே போகப் போக கிட்சன், கிட்டன்யோ, வெட்சுவெட்டென், பாபைன் ஏரி மக்கள் என்று ஒவ்வொரு கிளையாற்றிலும் ஒரு சமூகம், ஒவ்வொரு சமூகத்துக்கும் அதே மீன்.

சால்மன் ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய் வளர்ந்து பிறந்த இடத்துக்கே திரும்பும் என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். பாடம் தாவிச் செல்லும் ஒரு கட்டம் உண்டு. பாபைன் ஏரியில் ஒரு வருடம் கழித்த சாக்கைக் குஞ்சு, விரல் நீளத்தில், வசந்தத்தில் ஆற்றோடு இறங்கி வருகிறது. பக்கவாட்டில் இருந்த கருநிறப் பட்டைகள் மறைந்து உடம்பு வெள்ளியாகிறது. நல்ல தண்ணீரில் உப்பை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த செவுள், இனி உப்பை வெளியே தள்ளப் பழக வேண்டும். ஒரே உடம்பு, வேறு வேலை. அதற்கு நேரம் வேண்டும், இரை வேண்டும், பெரிய மீன் கண்ணில் படாமல் ஒதுங்க ஓர் இடமும் வேண்டும். இது மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் ஆறும் கடலும் கலக்கும் கழிமுகம். ஸ்கீனாவின் கழிமுகத்தில் லெலு தீவுக்கு வெளியே ஃப்ளோரா என்று ஒரு மணல்திட்டு இருக்கிறது. அதன் மேல் கடற்புல் வயல்போல விரிந்து கிடக்கிறது. வற்றம் வந்தால் திட்டு வெளியே தெரியும், ஏற்றம் வந்தால் புல்லுக்குள் குஞ்சுகள்.

பெட்ரோனாஸின் தலைமையில் வந்த திட்டம், லெலு தீவில் எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றும் ஆலை. வடகிழக்கில் வாயுக் கிணறுகள், அங்கிருந்து 900 கிலோமீட்டர் குழாய், கடைசியில் ஆலை, எல்லாம் சேர்த்து 3,600 கோடி டாலர் என்று சொன்னார்கள். கப்பல் ஆழமான தண்ணீரில்தான் நிற்க முடியும், ஆலைக்கும் ஆழத்துக்கும் நடுவில் கிடப்பதோ இந்தத் திட்டு. முதலில் கடலடியைத் தோண்டுவதாக இருந்தது. எதிர்ப்பு வந்ததும் திட்டுக்கு மேலே தொங்குபாலம், அதற்கு அப்பால் தூண்களின்மேல் கப்பல் துறை என்று வரைபடத்தை மாற்றினார்கள். பார்க்க அழகான வரைபடம், புல்லைத் தொடாத பாலம். ஆனால் அந்த மணல் அங்கே நிற்பதே அலையும் நீரோட்டமும் ஒன்றையொன்று சமன் செய்வதால்தான் என்றும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நிலைத்திருக்கும் திட்டு பெரிய தூண்கள் நீரோட்டத்தைத் திருப்பினால் கரையக்கூடும் என்றும் கடலடி மண்ணைப் படிக்கும் பேட்ரிக் மெக்லாரன் என்ற நிலவியலாளர் எச்சரித்தார். கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு தடுப்பு கட்டினால் சேறு எங்கோ ஏறும், எங்கோ இறங்கும். பழைய படகுக்காரர்கள் திட்டிக்கொண்டே புதுவழி தேடுவார்கள்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. இந்தத் திட்டின் அருமை 2015இல் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. கனடிய அரசுக்காக வேலை செய்த ஆய்வாளர்கள் 1973இலேயே, ஸ்கீனாவின் சால்மன் குஞ்சுகளுக்கு இந்தப் பகுதி மிக முக்கியமானது, துறைமுகத்தை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் பிறப்பதற்கு ஆறு வருடத்துக்கு முன்! பிறகு ஜோனதன் மூர் என்ற பேராசிரியரின் குழுவும் ஸ்கீனா மீன்வள ஆணையத்தின் ஆய்வாளர்களும் வலையோடு படகில் போய்க் குஞ்சுகளைப் பிடித்து, மரபணுவைப் பார்த்து, எந்தெந்தக் கிளையாற்றில் பிறந்தவை என்று கணக்கெடுத்தார்கள். 40க்கும் மேற்பட்ட மீன்கூட்டங்களின் குஞ்சுகள் இந்தக் கழிமுகத்தைப் பயன்படுத்துவதாகத் தெரிந்தது. அதாவது ஆற்று வாயில் ஒரு தவறு நடந்தால், அதன் விலையைக் கொடுக்கப் போகிறவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே, அந்தத் தீவைக் கண்ணால் பார்த்திராதவர்களாகக்கூட இருக்கலாம். அவர்களுக்கு யாரும் கோடிகளை நீட்டவில்லை.

அம்மா கேட்டது

அந்த வார இறுதியில் வழக்கம்போல அம்மாவுக்குப் போன் போட்டேன். பேச எதுவும் இல்லாதபோது ஊர்க்கதை சொல்வோமே, அப்படி இந்தக் கதையையும் சொன்னேன். தொகையைச் சொன்னேன், மீனைச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றேன். அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்:

“அவங்களக் கேட்டாங்களா?”

“என்னம்மா?”

“இல்ல தம்பி, அவங்களக் கூப்பிட்டு உக்கார வச்சு, சரியா வேணாமான்னு கேட்டாங்களா?”

ஆமாம் என்றேன். மூன்று இடங்களில் கூட்டம் போட்டார்கள். முதலில் லாக்ஸ் குவலாம்ஸ் கிராமத்தில், பிறகு பிரின்ஸ் ரூபர்ட்டில், கடைசியாக எங்கள் வான்கூவரில், வேலைக்காக ஊரைவிட்டு வந்த அவர்களுடைய ஆட்களுக்காக. கிராமத்தில் நடந்த முதல் கூட்டத்தில், எதிர்க்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றதும் வந்திருந்த 181 பேரும் எழுந்து நின்றார்கள். மற்ற இரண்டு கூட்டங்களிலும் அதே முடிவு. இதையெல்லாம் நான் அப்போதுதான் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையால் தேடிப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். “ம்ம்” என்றார் அம்மா. அதோடு பேச்சு மாறி, பக்கத்து வீட்டு மாமாவின் முட்டிவலிக்குப் போய்விட்டது.

மறுப்பைப் பார்த்து நாங்கள் இருபது முப்பது பேர் வியந்துகொண்டிருந்தோம். அம்மா வியந்தது கேள்வியைப் பார்த்து. ஏன் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் மறந்து வைத்திருந்தேன்.

நான் பிறந்தது சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பெயர் வேண்டாம், அப்படிப் போன தோட்டங்கள் ஒன்றிரண்டு இல்லை. 1994இல் ஒருநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆட்களெல்லாம் பால் வாளியோடு வரிசையில் நிற்கும்போது, தோட்டத்து எழுத்தரான கிராணி ஒரு தாளை வாசித்தார். தோட்டம் விற்றாகிவிட்டது, வீடு கட்டப் போகிறார்கள், இத்தனை நாளைக்குள் லயன் வீடுகளைக் காலி செய்ய வேண்டும். வாசித்து முடித்துவிட்டு, வழக்கம்போல அன்றைய மர நிரையைப் பிரித்துக் கொடுத்தார். எல்லாரும் பால் எடுக்க மரம் வெட்டப் போனார்கள். எனக்குப் பதினைந்து வயது. பள்ளி வேனுக்காகக் காத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். அப்பா 26 வருடம் பால் எடுத்தவர். வருடத்துக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் ஆறாயிரத்துச் சொச்சம் ரிங்கிட் வந்தது. கோயிலை மட்டும் தாமான் என்ற புதுக் குடியிருப்பின் ஓரத்தில், கால்வாய்க்குப் பக்கத்தில் மாற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். சட்டப்படி எல்லாம் சரி, யாரும் அடிக்கவில்லை, ஏமாற்றவுமில்லை. ஆனால் அந்தத் தாளில் கேள்விக்குறி இல்லை.

எனவே 115 கோடி என்ற எண்ணை நான் பார்த்த விதமே தப்பு என்று பிறகு தோன்றியது. ஒருவர் உங்களிடம் விலை பேசுகிறார் என்றால், பொருள் உங்களுடையது என்று ஏதோ ஓர் அளவுக்கு ஒத்துக்கொண்டுதான் பேசுகிறார். லாக்ஸ் குவலாம்ஸ் மக்கள் அந்த இடத்துக்கு வர எத்தனை ஆண்டு வழக்கும் வாதமும் தேவைப்பட்டன என்பது தனிக்கதை. இன்னொன்று, அந்த ‘ஆளுக்கு 3 லட்சம்’ கணக்கு பத்திரிகைகள் போட்டது. யார் வீட்டுக் கதவையும் தட்டி யாரும் உறையை நீட்டப் போவதில்லை. நாற்பது வருடத்துக்கு ஊரை நிர்வகிக்கும் மன்றத்தின் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து, பள்ளிக்கும் சாலைக்கும் ஆலோசகர்களுக்கும் போயிருக்கும் பணம் அது. வகுத்துக் காட்டினால்தானே மறுப்பவன் பைத்தியமாகத் தெரிவான். அந்த மன்றமே அப்போது தன் அறிக்கையில், ஒருமித்த கருத்து அரிதாக இருக்கும் சமூகங்களில் இத்தனை பணத்துக்கு எதிராக எல்லாரும் ஒன்றாக நின்றால், இது பணப் பிரச்சினை இல்லை என்பது புரிய வேண்டும் என்ற பொருளில் சொல்லியிருந்தது. எங்கள் குழுவில் யாரும் அந்த அறிக்கையைப் பகிரவில்லை. நானும்தான்.

எழுந்து நின்ற பிறகு

கதை அங்கே முடிந்திருந்தால் எழுதச் சுலபம். முடியவில்லை. அந்த ஆகஸ்டில் லெலு தீவில் சோதனைத் துளை போட ஆட்கள் வருவது தெரிந்ததும், சிம்ஷியன்களில் கிட்வில்கியூட்ஸ் குலத்தின் பரம்பரைத் தலைவரான யாஹான் என்ற டொனால்ட் வெஸ்லியும் அவரோடு சிலரும் தீவில் போய்க் குடியேறினார்கள். கூடாரம், பிறகு மரத்தால் ஒரு சிறு வீடு. துளையிடும் படகுகளைச் சின்னப் படகுகளில் போய் மறித்துப் பேசினார்கள். பிரின்ஸ் ரூபர்ட்டில் மழை பெய்யாத நாளைத்தான் எண்ண வேண்டும். குளிர்காலத்தில் அந்த மழையில் ஒரு தீவில் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட வேலை என்று வான்கூவர் மழைக்கே முனகும் எனக்கு ஓரளவு தெரியும். போராட்டம் என்றதும் கொடியும் கோஷமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே பெரும்பாலான நாள் வேலை விறகு வெட்டுவது, படகுக்கு எண்ணெய் வாங்கப் பணம் திரட்டுவது, அடுத்த வாரம் தீவில் யார் தங்குவது என்று முறை போடுவது.

2016 ஜனவரியில் பிரின்ஸ் ரூபர்ட்டில் ஒரு பெரிய கூட்டம். ஸ்கீனாவின் மேல்பகுதிச் சமூகங்களின் பரம்பரைத் தலைவர்கள் இறங்கி வந்து, லெலு தீவும் ஃப்ளோரா திட்டும் என்றைக்கும் காக்கப்பட வேண்டும் என்ற பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நான் சொன்னேனே, கோடி நீட்டப்படாதவர்கள், அவர்கள்தான். பல தலைமுறைப் பகைகள் உள்ள சமூகங்களை அந்த மீன் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. மார்ச்சில், மத்திய அரசின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு வரைவில் அறிவியல் ஓட்டைகள் இருப்பதாக 130க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கடிதம் எழுதினார்கள். செப்டம்பர் 27ஆம் தேதி மத்திய அரசு 190 நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்துவிட்டது. அடுத்த மாதமே வழக்குகள்.

இதற்கு நடுவில் ஊரும் மாறியது. 2015 கடைசியில் லாக்ஸ் குவலாம்ஸில் மன்றத் தேர்தல் நடந்து புதிய தலைமை வந்தது. சில மாதங்களில் அது நிபந்தனையோடு ஆதரவு தெரிவித்துக் கடிதம் எழுதியது. 2017 பிப்ரவரியில் மாகாண அரசோடு உடன்பாட்டிலும் கையெழுத்துப் போட்டது. கப்பல் துறையைத் திட்டிலிருந்து தள்ளிப் பக்கத்து ரிட்லி தீவின் பக்கம் கொண்டுபோகலாமா என்ற பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வாட்சாப் குழுவில் அதே நண்பன் மறக்காமல் எழுதினான்: “பாத்தியா, கடைசியில விலை படிஞ்சிருச்சு.” எனக்கு உடனே பதில் வரவில்லை. எழுந்து நின்ற 181 பேரின் படம் மனதில் அழகாக மாட்டியிருந்தது. அதில் கீறல் விழுந்த எரிச்சல்.

இப்போது யோசித்தால் அந்த எரிச்சல்தான் வேடிக்கை. ஒரு முறை வேண்டாம் என்று சொன்னவர்கள் நாம் பார்த்து மெச்சுவதற்காக என்றைக்கும் அதே நிலையில் நிற்க வேண்டுமா? அந்த ஊரில் வேலை இல்லை. சாக்கை வரவு 2013இல் மிக மோசமாக விழுந்திருந்தது. மீன் குறைந்தால் மீனவனுக்குத் தொழிலும் குறையும். தொழில் குறைந்தவனிடம் வந்து மீனைக் காப்பாற்றச் சொல்வது எளிது. வான்கூவரில் எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கிக்கொண்டு இதை எழுதும் எனக்கு அந்தக் கையெழுத்தைக் குறை சொல்ல வாயில்லை. தீவில் இருந்தவர்களையும் மன்றத்தில் இருந்தவர்களையும் பிரித்துப் பேசுவதில் வெளியாட்கள் எங்களுக்கு ஒரு ருசி இருக்கிறது. உள்ளூரில் அவர்கள் அண்ணன் தம்பிகள்.

2017 ஜூலை 25. திட்டத்தைக் கைவிடுவதாக பெட்ரோனாஸ் அறிவித்தது. காரணம் சந்தை: எரிவாயு விலை நெடுநாளாக விழுந்து கிடக்கிறது, தொழிலின் போக்கு மாறிவிட்டது. சால்மன் என்ற சொல் தேவைப்படவே இல்லை. அப்படியானால் தீவில் நனைந்தவர்கள் வெறுமனே நனைந்தார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை உச்சத்தில் இருந்த நாளில் எதிர்ப்பே இல்லாமல் இருந்திருந்தால் ஆலை எழும்பியிருக்கும். பாதி கட்டிய ஆலையைச் சந்தை சரிந்தது என்று யாரும் பிடுங்கிப் போட மாட்டார்கள். கூட்டம், துளையிடும் படகு, கடிதம், வழக்கு என்று ஒவ்வொன்றும் சில மாதங்களைத் தின்றது. அந்த மாதங்களுக்குள் விலை விழுந்தது. அதற்கு முன்னால் ஸ்கீனா பிறக்கும் இடத்திலும் இதுதான் நடந்தது. டால்டன் மக்களும் ஆற்றோரச் சமூகங்களும் வருடக் கணக்கில் மறித்த பிறகு, 2012 டிசம்பரில் ஷெல் நிறுவனம் அங்கே நிலக்கரிப் படுகை வாயு எடுக்கும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. காத்திருக்க வைப்பதும் ஒரு கலைதான். அரசு அலுவலகங்களில் நமக்கெதிராக மட்டுமே அது பயன்பட்டுப் பார்த்திருக்கிறோம்.

சரி, பணம் எங்கே போனது? வெகுதூரம் போகவில்லை. 2018இல் பெட்ரோனாஸ் தெற்கே கிட்டிமாட்டில் எழும்பவிருந்த இன்னோர் எரிவாயு ஆலையில் கால் பங்கை வாங்கியது. 2025 ஜூன் முடிவில் அங்கிருந்து முதல் கப்பல் கிளம்பியது. அந்த ஆலைக்குப் போகும் குழாய் மோரிஸ் ஆற்றைக் கடக்கிறது. மோரிஸ் பல்க்லியில் சேர்கிறது, பல்க்லி ஸ்கீனாவில். வெட்சுவெட்டென் பரம்பரைத் தலைவர்கள் அங்கே மறித்ததும், போலீஸ் வந்ததும் உலகம் பார்த்த செய்தி. கழிமுகம் தப்பியது, மேலே கிளையாற்றில் சண்டை. இதை வெற்றி என்று எழுதவும் கை தயங்குகிறது, தோல்வி என்று எழுதவும் தயங்குகிறது.

செதில்கள்

2024 ஆகஸ்டில் ஒருவழியாகப் போய்ப் பார்த்தேன். டெரஸ் ஊரிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் வரைக்கும் 16ஆம் எண் நெடுஞ்சாலை ஸ்கீனாவின் கரையைவிட்டு நகராமல் போகிறது. கடைசிப் பகுதியில் ஆறு அகன்று அகன்று, எது ஆறு எது கடல் என்று சொல்ல முடியாமல் ஆகிவிடுகிறது. ஊருக்கு முன்னால் போர்ட் எட்வர்டுக்குப் பிரியும் சாலையில், 1889இல் தொடங்கிய ஒரு பழைய மீன் டின் தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. தண்ணீருக்கு மேலே மரத்தூண்களில் பலகை நடைபாதை. அதையொட்டி ஆட்கள் தங்கிய வீடுகள்: ஐரோப்பியருக்கு ஒரு வரிசை, ஜப்பானியருக்கு ஒரு வரிசை, சீனருக்கு ஒரு கொட்டகை, பூர்வகுடிகளுக்குக் கடைசியில் ஒரு வரிசை. வழிகாட்டிப் பெண் விளக்கிக்கொண்டிருக்க, நான் மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்: துரை பங்களா, கிராணி வீடு, லயன். மீனின் தலையையும் வாலையும் வெட்டிக் குடலை எடுக்கும் இயந்திரம் ஒன்றும் இருந்தது. எந்தச் சீனத் தொழிலாளியின் வேலையை அது பிடுங்கியதோ, அவனைக் கேவலப்படுத்தும் சொல்லையே அதற்குப் பெயராக வார்த்திருந்தார்கள்.

இந்த ஆற்றில் நூறு வருடத்துக்கு முன்பே மீனின் செதிலைப் பறித்து உறையிலிட்டுச் சேமித்து வைத்தார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். மரத்துக்கு வளையம்போலச் செதிலுக்கும் வளையம் உண்டு. நல்ல வருடத்தில் அகலமாக, பஞ்சத்தில் நெருக்கமாக. பின்னாளில் மைக்கேல் பிரைஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அந்தப் பழைய செதில்களிலிருந்து மரபணுவை எடுத்து, எந்த ஏரியின் மீன் எத்தனை வந்தது என்று திரும்பக் கணக்கிட்டார்கள். ஸ்கீனாவுக்குத் திரும்பும் இயற்கைச் சாக்கை, நூறாண்டுக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்துவிட்டது. எந்த எரிவாயு ஆலையும் வருமுன்னே நடந்த குறைவு இது. டின் தொழிற்சாலைகள் அள்ளியது அதில் பெரும் பங்கு. ஃப்ளோரா திட்டுக்காக எழுந்து நின்றவர்கள் காத்தது பொங்கி வழியும் ஆற்றை இல்லை, மிச்சத்தை.

மறுநாள் ஒருவர் தன் படகில் தீவைச் சுற்றிக் காட்டினார். வற்றத்துக்கு நேரம் பார்த்துத்தான் கிளம்பினோம். அங்கே ஏற்ற வற்றம் ஏழு மீட்டர் வரை போகும். நான் எதையோ பெரிதாக எதிர்பார்த்திருந்தேன். பழுப்பு மணல், அதன்மேல் வாரிப் படிந்த ஈரத் தலைமுடிபோலப் பச்சைப் புல், ஆங்காங்கே குழிகளில் தேங்கிய தண்ணீர். அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு ஓர் இலையைத் தூக்கிக் காட்டினார். நாடாபோல இருந்தது. அதன் மேலெல்லாம் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, சில நகர்ந்தன. குஞ்சுகளின் சாப்பாடு என்றார். அவர் தம்பி அந்த ஆலையில் வேலை கிடைக்கும் என்று வெல்டிங் படித்தவராம். இப்போது அல்பெர்ட்டாவில் இருக்கிறார், கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார். “நீங்கள் அன்றைக்கு எழுந்து நின்றீர்களா?” என்று கேட்டேன். ஆமாம் என்றார். தம்பி? அவரும் நின்றாராம். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது, இயந்திரத்தை முடுக்கினார்.

தீபாவளிக்குக் கிள்ளான் போனபோது நாலு டின் சாக்கை சால்மன் கொண்டுபோனேன். அம்மா சார்டின் பிரட்டுவதுபோலவே வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்துப் பிரட்டிவிட்டார். டின் மீனில் முள் மாவாகிவிடும்; அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. “இது அந்த ஆத்து மீனா?” என்று கேட்டார். லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். கடலில் பிடித்தது, கனடா என்று இருந்தது. ஆற்றின் பெயர் இல்லை.

படகுக்காரரைப் பற்றிச் சொன்னேன், தம்பியைப் பற்றியும் சொன்னேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் போனில் சொன்னது அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. “எப்படி வேணாம்னு சொன்னாங்க? கைதூக்கியா?”

“இல்லம்மா. எழுந்து நின்னாங்க.”

அம்மா சாதத்தைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். “பெரட்டுல நாங்க நின்னுக்கிட்டுதானே இருந்தோம்” என்றார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல: “அன்னைக்கு உக்காந்திருக்கலாம்.”

சாப்பிட்டு முடித்ததும் காலி டின்னைச் சோப்புப் போட்டுக் கழுவி, அடியில் ஆணியால் மூன்று ஓட்டை போட்டு, துளசிக் கன்றுக்கு எடுத்து வைத்தார்.